வானம் ஏன் நீலமா இருக்கு? அது வெளுத்துப்போனா காற்றுல என்ன நடக்குதுன்னு அர்த்தம்? - முழு விளக்கம்

மழை விட்ட மறுநாள் காலை மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தால், வானம் கழுவி வைத்த மாதிரி அடர் நீலமாக இருக்கும். போகி அன்று காலை சென்னையில் அதே வானம் சாம்பல் பூசிய மாதிரி வெளுத்துக் கிடக்கும். சாயங்காலம் ஆனால் ஆரஞ்சு, அப்புறம் சிவப்பு. சூரியன் அதே சூரியன்தான். அதிலிருந்து கிளம்பி வரும் வெளிச்சமும் அதேதான். அப்புறம் எப்படி இத்தனை நிறம்?

இதற்கான பதில் ஒரே சொல்லில் அடங்கிவிடும்: ஒளிச்சிதறல். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வரும் விஷயம்தான். தேர்வு முடிந்ததும் பலரும் மறந்துபோயிருப்பார்கள். ஆனால் இதைச் சரியாகப் புரிந்துகொண்டால், வானத்தின் நிறத்தைப் பார்த்தே நம் தலைக்கு மேலே காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று ஓரளவு ஊகிக்க முடியும். அந்தக் காற்றைத்தான் நாம் சுவாசிக்கிறோம் என்பதால் இது வெறும் பாடப்புத்தகக் கேள்வி இல்லை.

கடலோட நிறம்தான் வானத்துல தெரியுதா?

இல்லை. இதுதான் பலரும் சின்ன வயதில் கேட்டு நம்பிய பதில். கடலே இல்லாத ராஜஸ்தான் பாலைவனத்திலும், லடாக் மலைகளிலும் வானம் நீலம்தான். சொல்லப்போனால் லடாக் வானம் சென்னை வானத்தைவிட அடர் நீலம். கடல் பிரதிபலிப்புதான் காரணம் என்றால் இது நடக்கவே கூடாது.

வானத்துக்கென்று தனியாக ஒரு நிறம் கிடையாது. அங்கே நீலச் சாயம் பூசிய கூரை எதுவும் இல்லை. காற்று மண்டலமே இல்லாத நிலவில் நின்று பார்த்தால், பட்டப்பகலில் சூரியன் கொளுத்தும்போதும் வானம் கறுப்பாகத்தான் தெரியும். அப்பல்லோ விண்வெளி வீரர்கள் எடுத்த படங்களில் இதைப் பார்க்கலாம். ஆக, நீலத்தைக் கொடுப்பது நடுவில் இருக்கும் காற்று.

சிதறல்னா என்ன?

சூரிய ஒளி பார்க்க வெள்ளை. அதற்குள் ஊதா முதல் சிவப்பு வரை எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அலைநீளம் உண்டு. ஊதாவுக்குச் சுமார் 400 நானோமீட்டர், சிவப்புக்குச் சுமார் 700 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். இவற்றின் மூலக்கூறுகள் ஒரு நானோமீட்டரைவிடச் சிறியவை. அதாவது ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இவ்வளவு சிறிய மூலக்கூறின் மேல் ஒளி அலை படும்போது, மூலக்கூறில் உள்ள எலெக்ட்ரான்கள் அந்த அலையின் தாளத்துக்கு ஏற்ப அதிர்கின்றன. அப்படி அதிரும் மூலக்கூறு, அதே நிற ஒளியை எல்லாத் திசைகளிலும் வெளியே விடுகிறது. நேராகப் போய்க்கொண்டிருந்த ஒளியில் ஒரு பகுதி இப்படித் திசை மாறிப் போவதைத்தான் சிதறல் என்கிறோம்.

சூரியனை நேராகப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தாலும் வானத்திலிருந்து வெளிச்சம் வருகிறதே, அது முழுக்க இப்படிச் சிதறி வந்த ஒளிதான்.

நீலம் மட்டும் ஏன் அதிகமா சிதறுது?

இங்கேதான் கணக்கு வருகிறது. பயப்பட வேண்டாம், சின்னக் கணக்குதான்.

மூலக்கூறு மாதிரி மிகச் சிறிய பொருட்கள் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் சிதறடிப்பதில்லை. அலைநீளம் குறையக் குறைய சிதறல் கிடுகிடுவென ஏறும். அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் சிதறல் இருக்கும் என்பது விதி. அலைநீளம் பாதியானால் சிதறல் இரண்டு மடங்கு ஆகாது, 16 மடங்கு ஆகும்.

450 நானோமீட்டர் கொண்ட நீலத்தையும் 650 நானோமீட்டர் கொண்ட சிவப்பையும் எடுத்துக்கொண்டால், நீலம் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேல் சிதறுகிறது. சூரியன் உச்சியில் இருக்கும்போது, சுத்தமான காற்றில் நீல ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிதறிவிடும். சிவப்பில் இருபதில் ஒரு பங்குதான் சிதறும். மிச்சமெல்லாம் நேராக வந்துவிடும். அதனால்தான் வானத்தின் எந்த மூலையைப் பார்த்தாலும் நீலமே முந்திக்கொண்டு கண்ணுக்கு வருகிறது.

இதற்கு ராலே ஒளிச்சிதறல் என்று பெயர்.

அப்போ வானம் ஊதாவாத்தானே தெரியணும்?

நல்ல கேள்வி. நீலத்தைவிட ஊதாவுக்கு அலைநீளம் குறைவு. எனவே ஊதாதான் இன்னும் அதிகம் சிதறுகிறது. ஆனாலும் வானம் ஊதாவாகத் தெரியாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, சூரியனிலிருந்து வரும் ஒளியிலேயே ஊதாவின் பங்கு நீலத்தைவிடக் குறைவு.

இரண்டாவது, நம் கண். நிறத்தை அறிய மூன்று வகை செல்கள் கண்ணில் இருக்கின்றன. ஊதாவை உணரும் திறன் நம் கண்ணுக்குக் குறைவு. அதோடு, வானத்திலிருந்து வருவது ஒரே நிறம் இல்லை. ஊதா, நீலம், கொஞ்சம் பச்சை, அதைவிடக் கொஞ்சமாக மற்ற நிறங்கள் என ஒரு கலவை. இந்தக் கலவையைத்தான் நம் கண்ணும் மூளையும் சேர்ந்து வெளிர் நீலம் என்று எடுத்துக்கொள்கின்றன.

சாயங்காலம் வானம் ஏன் சிவக்குது?

மதியம் சூரிய ஒளி காற்று மண்டலத்தைக் கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கடந்து வருகிறது. சூரியன் அடிவானத்தைத் தொடும்போது அதே ஒளி சாய்வாக, மிக நீண்ட தூரம் காற்றுக்குள் பயணித்து வர வேண்டியிருக்கிறது. அப்போது அது கடக்கும் காற்றின் அளவு, மதியத்தைப்போல ஏறத்தாழ 40 மடங்கு.

இவ்வளவு காற்றைத் தாண்டி வருவதற்குள் நீலம் வழியிலேயே சிதறித் தீர்ந்துவிடும். கடைசிவரை தாக்குப்பிடித்து நம்மிடம் வந்து சேர்வது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. நமக்கு இங்கே செவ்வானம் தெரியும் அதே நேரத்தில், வழியில் சிதறிய நீலம் மேற்கே இன்னும் பகலாக இருக்கும் ஊர்களின் வானத்தை நீலமாக்கிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு சுவாரசியமான திருப்பமும் உண்டு. சூரியன் மறைந்த பிறகு தலைக்கு நேர் மேலே பார்த்தால் அழுத்தமான நீலம் தெரியும். புகைப்படக் கலைஞர்கள் காத்திருந்து படமெடுக்கும் நேரம் அது. அந்த நீலத்துக்கு முக்கியக் காரணம் சிதறல் இல்லை, ஓசோன். உயரத்தில் இருக்கும் ஓசோன் படலம் ஆரஞ்சு, மஞ்சள் ஒளியைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது. அந்தி நேரத்தில் ஒளி ஓசோன் வழியாக நீண்ட தூரம் வருவதால் இது பெரிய அளவில் நடக்கிறது. அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் ஹல்பர்ட் 1953-ல் இதை விளக்கினார்.

வீட்டுலயே செஞ்சு பார்க்கலாம்

இதை நம்ப ஆய்வகம் தேவையில்லை. ஒரு கண்ணாடி டம்ளர், தண்ணீர், கொஞ்சம் பால், செல்போன் டார்ச் போதும்.

டம்ளரில் தண்ணீர் நிரப்பி ஒரு சில சொட்டு பால் விட்டுக் கலக்குங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தண்ணீர் லேசான நீலமாகத் தெரியும். டார்ச்சுக்கு எதிர்ப்பக்கம் போய், தண்ணீர் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தால் அது மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். டம்ளருக்குப் பதில் நீளமான பாத்திரம் என்றால் இன்னும் தெளிவாகத் தெரியும். பகல் வானமும் அந்தி வானமும் ஒரே டம்ளரில்!

இப்போது இன்னும் நிறையப் பால் ஊற்றுங்கள். நீலம் காணாமல் போய் எல்லாப் பக்கமும் வெள்ளையாகிவிடும். இந்த மூன்றாவது காட்சியை நினைவில் வையுங்கள். நகரத்து வானத்தைப் பற்றிப் பேசும்போது உதவும்.

இதையெல்லாம் கண்டுபிடிச்சது யாரு?

1869-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜான் டிண்டால், கண்ணாடிக் குழாயில் ஆவிகளை நிரப்பி அதன் வழியாக ஒளியைச் செலுத்தினார். உள்ளே மிக நுண்ணிய துகள்கள் உருவாகத் தொடங்கியதும் குழாய்க்குள் வான நீலம் தெரிந்தது. துகள்கள் பெரிதாக வளர வளர நீலம் மங்கி வெள்ளையானது. துகளின் அளவுதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு அது முதல் தெளிவான சாட்சி.

1871-ல் பின்னாளில் லார்ட் ராலே ஆன ஜான் வில்லியம் ஸ்ட்ரட் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். அப்போதும் தூசியோ வேறு ஏதோ துகளோதான் ஒளியைச் சிதறடிக்கிறது என்றே நினைத்தார்கள். தூசியே இல்லாவிட்டாலும் காற்றின் மூலக்கூறுகளே வானத்தை நீலமாக்கப் போதும் என்று 1899-ல் ராலே காட்டினார்.

அடுத்த கட்டத்தில் வருபவர் திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று ராலே சொல்லியிருந்தார். 1921-ல் இங்கிலாந்து போய்விட்டு நர்குண்டா கப்பலில் திரும்பும்போது, மத்தியத் தரைக்கடலின் நீலத்தைப் பார்த்த ராமனுக்கு அதில் சந்தேகம் வந்தது. கையில் இருந்த நிக்கல் பட்டகத்தை வைத்து, தண்ணீரின் மேற்பரப்பில் பிரதிபலிக்கும் வான ஒளியை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் அடர்த்தியாகத் தெரிந்தது. தண்ணீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் கடல் நீலத்துக்குப் பெரிய காரணம் என்பது பின்னர் உறுதியானது.

அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டே போனதுதான் ராமனை 1928 பிப்ரவரி 28-ல் கொண்டுபோய் நிறுத்தியது. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணனோடு சேர்ந்து கொல்கத்தாவில் செய்த ஆய்வில், சிதறும் ஒளியில் ஒரு மிகச்சிறு பகுதி தன் அலைநீளத்தையே மாற்றிக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார். ராமன் விளைவு என்ற அந்தக் கண்டுபிடிப்புக்கு 1930-ல் நோபல் பரிசு. அந்த நாள்தான் இன்று தேசிய அறிவியல் தினம்.

அப்போ மேகம் மட்டும் ஏன் வெள்ளை?

மேகத்தில் இருப்பது நீர்த்துளிகள். ஒவ்வொன்றும் 10 முதல் 20 மைக்ரான் விட்டம் இருக்கும். ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. இவ்வளவு பெரிய துளிகளுக்கு நிற பேதம் கிடையாது. நீலத்தையும் சிவப்பையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சிதறடிக்கும். எல்லா நிறமும் கலந்தால் வெள்ளைதானே. அலைநீளத்துக்கு நிகரான, அல்லது அதைவிடப் பெரிய துகள்களுக்கான கணக்கை 1908-ல் ஜெர்மன் இயற்பியலாளர் குஸ்டாவ் மீ கொடுத்தார். அதனால் இதற்கு மீ ஒளிச்சிதறல் என்று பெயர்.

மழை மேகத்தின் அடிப்பகுதி கறுப்பாகத் தெரிவதற்குக் காரணம் மேகம் அழுக்காக இருப்பது இல்லை. மேகம் தடிமனாக இருப்பதால் வெளிச்சம் மேல்பக்கமே சிதறித் திரும்பிவிடுகிறது. அடிவரை வந்து சேர்வது குறைவு.

இதை வைத்து இன்னொரு நம்பிக்கையையும் சரிபார்க்கலாம். "சிவப்பு குறைவாகச் சிதறுவதால் பனிமூட்டத்தில்கூட தூரத்திலிருந்து தெரியும், அதனால்தான் சிக்னல் விளக்கு சிவப்பு" என்பார்கள். சுத்தமான காற்றிலும் மெல்லிய புகையிலும் சிவப்புக்கு அந்தச் சலுகை உண்டு. அடர்ந்த பனிமூட்டத்தில் துளிகள் பெரிதாக இருப்பதால் சிவப்பும் மற்ற நிறங்களைப் போலவே சிதறிவிடும். சிவப்பு விளக்கை நம்பி மூடுபனியில் வேகமாகப் போவது ஆபத்து.

மெட்ராஸில் தெரிந்த பச்சைச் சூரியன்

துகளின் அளவு கொஞ்சம் மாறினால் என்ன ஆகும் என்பதை 1883-ல் மெட்ராஸ் மக்கள் நேரடியாகப் பார்த்தார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 27-ல் இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்துச் சிதறியது. 36,000-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். சாம்பலும் கந்தக வாயுவும் காற்று மண்டலத்தின் மேலடுக்குக்குப் போய் உலகைச் சுற்றத் தொடங்கின. செப்டம்பர் மாதம் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் சி.மிச்சி ஸ்மித் அந்தப் பச்சைச் சூரியனின் நிறமாலையை ஆராய்ந்து பதிவு செய்தார். பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனவர் இவர்தான்.

ஏன் பச்சை? துகள்கள் ஒளியின் அலைநீளத்துக்கு நெருக்கமான ஒரு குறிப்பிட்ட அளவில், எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால், வழக்கத்துக்கு மாறாக நீலத்தைவிடச் சிவப்பு அதிகமாகச் சிதறும். நேராக வரும் ஒளியில் சிவப்பு குறைந்து நீலமும் பச்சையும் மிஞ்சும். இது அபூர்வமாகத்தான் நடக்கும். 1950 செப்டம்பரில் கனடா காட்டுத்தீயின் புகை அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போனபோது ஸ்காட்லாந்தில் சூரியன் நீலமாகத் தெரிந்தது.

கிரகட்டோவாவின் துகள்கள் வட நாடுகளுக்குப் பரவியபோது அங்கே அந்தி வானம் தீப்பிடித்த மாதிரி சிவந்தது. 1883 நவம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் உள்ள பொகீப்ஸியில், எங்கோ பெரிய தீ என்று நினைத்துத் தீயணைப்பு வண்டிகளே கிளம்பிவிட்டன.

நகரத்து வானம் ஏன் வெளுத்துப்போகுது?

பால் கலந்த டம்ளரின் மூன்றாவது காட்சிதான் இது.

வாகனப் புகை, அனல் மின் நிலையப் புகை, குப்பை எரிப்பு, பயிர்க்கழிவு எரிப்பு, கட்டுமானத் தூசி எல்லாம் காற்றில் நுண்துகள்களைச் சேர்க்கின்றன. 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் இருப்பவை பிஎம் 2.5. தலைமுடியின் தடிமனில் இருபது, முப்பதில் ஒரு பங்குதான். இவற்றில் பலவும் ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய அளவில் இருப்பதால் ஒளியை மிக நன்றாகச் சிதறடிக்கும். மூலக்கூறுகளைப் போல நீலத்தை மட்டும் தேர்ந்தெடுக்காமல் எல்லா நிறங்களையும் சேர்த்துச் சிதறடிக்கும். வானத்தின் நீலத்தோடு வெள்ளை கலக்கிறது. அடர் நீலம் முதலில் வெளிர் நீலமாகும், அப்புறம் பால் வெள்ளை, கடைசியில் சாம்பல். புகைக்கரி, நைட்ரஜன் டை ஆக்சைடு போன்றவை ஒளியை உறிஞ்சுவதால் சில நாட்களில் பழுப்பும் சேரும்.

டெல்லியில் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் நீல வானமே தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம். குளிரில் தரையை ஒட்டிய காற்று மேலே எழும்பாமல் தேங்கிவிடுவதால் துகள்களும் அங்கேயே நிற்கின்றன. போகி நாளில் பழைய பொருட்களை எரித்த புகை மூடுபனியோடு சேர்ந்து, ஓடுபாதை தெரியாமல் சென்னையில் விமானங்கள் தாமதமான ஆண்டுகளும் உண்டு.

எதிர்ப்பக்கத்தையும் நாடு ஒருமுறை பார்த்தது. 2020 ஏப்ரல் ஊரடங்கின்போது, பஞ்சாபின் ஜலந்தர் நகர மக்கள் வெகுதொலைவில் இருக்கும் இமயமலையின் தௌலாதார் சிகரங்களை மாடியிலிருந்து பார்த்தார்கள். பல ஆண்டுகளாகக் கண்ணில் படாத மலை அது. மலை எங்கும் போகவில்லை, இடையில் இருந்த துகள்தான் குறைந்தது.

இது கண்ணுக்கு அழகா இல்லையா என்ற பிரச்சினை மட்டும் இல்லை. வானத்தை வெளுக்க வைக்கும் அதே பிஎம் 2.5 துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போய், அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கக்கூடியவை. ஆஸ்துமா, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றோடு இவற்றுக்குத் தொடர்பு உண்டு. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல்படி ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 2.5-ன் ஆண்டு சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இந்தியாவின் தேசியத் தரநிலை 40 மைக்ரோகிராம்.

அந்தி வானம் அழகா இருந்தா காற்று மாசுன்னு அர்த்தமா?

சமூக வலைதளங்களில் அடிக்கடி வலம் வரும் தகவல் இது. ஆனால் பெரும்பாலும் உண்மை அதற்கு நேர்மாறு. தரையை ஒட்டிய மாசு அந்தி நிறங்களை மங்கடிக்கும். மாசு நிறைந்த நகரத்தில் சூரியன் அடிவானத்தைத் தொடுவதற்கு முன்பே மங்கிய சிவப்பு வட்டமாகிப் புகைக்குள் கரைந்துவிடும். மழை விட்ட பிறகு, கழுவப்பட்ட காற்றில்தான் பளிச்சென்ற ஆரஞ்சும் சிவப்பும் கிடைக்கும். எரிமலைத் துகள் மாதிரி மிக உயரத்தில் இருப்பவை மட்டும் இதற்கு விதிவிலக்கு.

காட்டுத்தீ இன்னொரு எல்லை. 2020 செப்டம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் பட்டப்பகலில் வானம் ஆரஞ்சாக இருந்தது. அடர்ந்த புகை நீலத்தைத் தடுத்துவிட, சிவப்பும் மஞ்சளும் மட்டுமே கீழே இறங்கின. காலை பத்து மணிக்கும் தெருவிளக்குகள் எரிந்தன.

ரத்த நிலா, செவ்வாயின் நீல அந்தி

முழு சந்திர கிரகணத்தில் நிலவு செம்பு நிறமாவதும் இதே கதைதான். பூமியின் நிழலுக்குள் நிலவு இருக்கும்போது, பூமியின் விளிம்பைச் சுற்றியுள்ள காற்று வழியாக வளைந்து போகும் ஒளி மட்டும் அதன் மேல் படும். அந்த ஒளியில் நீலம் சிதறிப்போய் சிவப்புதான் மிஞ்சியிருக்கும். அதாவது, அந்த நேரத்தில் பூமியில் நடக்கும் எல்லா உதயங்களின், எல்லா அஸ்தமனங்களின் வெளிச்சமும் சேர்ந்து நிலவில் விழுகிறது. 2025 செப்டம்பர் 7 இரவு 82 நிமிடங்கள் இந்தியா முழுக்கத் தெரிந்தது இதுதான்.

செவ்வாய் கிரகத்தில் எல்லாம் தலைகீழ். அங்கே காற்று மிகக் குறைவு, நுண்தூசி அதிகம். பகல் வானம் மங்கிய மஞ்சள் பழுப்பு, அஸ்தமன சூரியனைச் சுற்றி நீலம். நாசாவின் கியூரியாசிட்டி ரோவர் 2015 ஏப்ரலில் அந்த நீல அந்தியைப் படமெடுத்து அனுப்பியது.

வானத்தையே வெளுக்க வைக்கும் யோசனை

1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்து, ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் சல்ஃபர் டை ஆக்சைடை மேலே அனுப்பியது. அதிலிருந்து உருவான துகள்கள் சூரிய ஒளியில் ஒரு பகுதியை விண்வெளிக்கே திருப்பிச் சிதறடித்ததால், உலக சராசரி வெப்பநிலை தற்காலிகமாகச் சுமார் அரை டிகிரி செல்சியஸ் குறைந்தது.

இதையே மனிதர்கள் வேண்டுமென்றே செய்து புவி வெப்பமயமாதலைத் தணிக்கலாமா என்ற விவாதம் விஞ்ஞானிகளிடையே நடக்கிறது. மழைப்பொழிவு மாறுமா, ஓசோன் படலம் பாதிக்கப்படுமா, தொடங்கிவிட்டு நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும், உலகத்துக்கே சேர்த்து யார் முடிவெடுப்பது எனக் கேள்விகள் நிறைய. அவற்றோடு இதுவும் ஒன்று: அப்படிச் செய்தால் பகல் வானம் இப்போதைவிட வெளுத்துத் தெரியும் என்று கணினி மாதிரிக் கணக்குகள் காட்டுகின்றன. பூமியைக் குளிர்விக்க நீல வானத்தைக் கொஞ்சம் விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

சரி, வானத்தைப் பார்த்தே காற்றை எடைபோட முடியுமா?

இந்த ஆசை 200 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. சுவிட்சர்லாந்து அறிவியலாளர் ஓராஸ் பெனடிக்ட் டி சோஸூர், 1789-ல் வெள்ளை முதல் கறுப்பு வரை 50-க்கும் மேற்பட்ட நீலச் சாயல்களை வட்டமாக ஒட்டி, வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு கருவியைச் செய்தார். அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் அதைத் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்கே எடுத்துப் போனார். இன்று அந்த வேலையைச் செயற்கைக்கோள்களும், சூரிய ஒளி எவ்வளவு குறைந்து வருகிறது என்று அளக்கும் சன் ஃபோட்டோமீட்டர்களும் செய்கின்றன. அடிப்படை மட்டும் மாறவில்லை: ஒளி எப்படிச் சிதறுகிறது என்று பார்த்து, காற்றில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது.

வெறும் கண்ணால் பார்க்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

- சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. சூரியனுக்கு எதிர்த் திசையில், தலைக்கு மேலே உள்ள பகுதியைப் பாருங்கள்.
- அடிவானத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சுத்தமான காற்றிலும் அடிவானம் வெளிறித்தான் இருக்கும். அந்தப் பக்கம் காற்று அதிகம் என்பதால் ஒளி பலமுறை சிதறி நிறங்கள் மீண்டும் கலந்துவிடும்.
- ஊரில் ஏதாவது ஒரு தொலைதூர அடையாளத்தை வைத்துக்கொள்ளுங்கள். மலை, கோபுரம், செல்போன் டவர் எதுவானாலும் சரி. அது தெளிவாகத் தெரிகிறதா, மங்கலாகத் தெரிகிறதா என்று தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள்.
- வெளுத்த வானம் எல்லாம் மாசு இல்லை. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதிகம். காற்றில் உள்ள உப்புத் துகள்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போய் வானத்தை வெளுக்க வைக்கும்.
- நீல வானம் எல்லாம் சுத்தமும் இல்லை. தரையை ஒட்டி உருவாகும் ஓசோன், கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்கள் கண்ணுக்குத் தெரியாது. பரபரப்பான சாலை ஓரத்தில் நிற்பவருக்கு மேலே நீல வானமே இருந்தாலும் மூக்குக்கு முன்னால் புகைதான்.

அதனால் வானத்தின் நிறத்தை ஒரு முன்னெச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடும் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிடுவது நல்லது. 50 வரை நல்லது, 100 வரை திருப்திகரம். 200-ஐத் தாண்டினால் மோசம், 300-ஐத் தாண்டினால் மிக மோசம். அப்படிப்பட்ட நாட்களில் குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் வெளியே ஓடுவது, நடைப்பயிற்சி செய்வது போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். வெளியே போய்த்தான் ஆகவேண்டும் என்றால் என்95 முகக்கவசம் உதவும். கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ இந்த நுண்துகள்களைச் சரியாகத் தடுக்காது.

அடுத்த முறை வீட்டுக் குழந்தை "வானம் ஏன் நீலமா இருக்கு?" என்று கேட்டால், கடலைக் காட்டாமல் ஒரு டம்ளர் தண்ணீரும் சில சொட்டுப் பாலும் எடுத்து வையுங்கள். "இன்னைக்கு ஏன் நீலமா இல்லை?" என்று கேட்டால், அது பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி.